பதினொரு மணிக்கு வந்த போன்

திருப்பதியில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு காலத்தில் ஐந்து பேர் இருந்தோம். லாட்ஜுகள், பள்ளிக்கூடங்கள், சின்ன மருத்துவமனைகள் போன்றவற்றுக்கு வெப்சைட் செய்து கொடுத்து, அவை ஓடுகிற சர்வர்களையும் கவனித்துக்கொள்ளும் கம்பெனி. நான் சேர்ந்த இரண்டாவது வருடம் முதலாளி ஹைதராபாதுக்குக் குடிபோனார். கூட இருந்த மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக பெங்களூர் போய்விட்டார்கள். அலுவலகத்தை மூடவும் இல்லை, புதிதாக யாரையும் எடுக்கவும் இல்லை. ஐந்து நாற்காலி, ஐந்து மேஜை, ஒரு ஆள்.

பெட்டி, பூட்டு, பயணப் பை விற்கிற கடைக்கு மேலே இரண்டாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். கீழே நாள் முழுக்கக் கூட்டம். வந்த ஊரின் பெயரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு பேரம் பேசுவார்கள். ஒரு பை வாங்கிக்கொண்டு போவார்கள். அவர்களை மறுபடி பார்க்க வேண்டியிருக்காது. எனக்குத் தெலுங்கு அப்போது கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான் தெரியும். வீட்டுக்காரம்மா மாடிப்படியில் எதிர்ப்பட்டால் ஏதோ கேட்பார், நான் சரிங்க என்கிற அர்த்தத்தில் "சரேண்டி" என்பேன். என்ன கேட்டார் என்பது பாதி நாள் தெரியாது. ஆற்காட்டிலிருந்து அண்ணன் போன் செய்தால் அது பெரும்பாலும் யாரோ உறவினர் தரிசனத்துக்கு வருகிறார்கள், ரூம் கிடைக்குமா என்று கேட்பதற்காக இருக்கும். அவர்கள் வருவார்கள். ரூம் சாவியை வாங்கிக் கொடுப்பேன். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு இறங்கி வந்து, கையில் ஒரு லட்டு வைத்துவிட்டு ரயில் ஏறுவார்கள். முப்பத்தெட்டு வயதில் தனியாக இருப்பவளிடம் அதற்கு மேல் என்ன பேசுவது என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை கடையில் பால் கேட்க வாயைத் திறந்தபோது குரலே வரவில்லை. சனிக்கிழமை மாலைக்குப் பிறகு நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

எங்கள் வாடிக்கையாளர்களில் ஒன்று சித்தூரில் இருந்த ஒரு ரத்தப் பரிசோதனை லேப். நோயாளி காலையில் ரத்தம் கொடுத்துவிட்டுப் போவார். பத்தரை மணிக்கு மேல் ரிப்போர்ட் தயாராகும். அதை கவுன்ட்டரில் வாங்கிக்கொள்ளலாம், போனிலும் இறக்கிக்கொள்ளலாம். அந்த வெப்சைட் பம்பாயில் வாடகைக்கு எடுத்த ஒரு சர்வரில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று வருடம் ஒரு பிரச்சினையும் இல்லாமல் ஓடியது. அப்புறம் ஒரு நாள் பதினொரு மணிக்கு நின்றது. மறுநாளும் பதினொரு மணிக்கு நின்றது.

முதல் போன் வந்தபோது எதிர்முனையில் ஒரு பெண் குரல், கனமான குரல். லேப் கவுன்ட்டரில் ரிப்போர்ட் எடுத்துக் கொடுப்பவர்.

"மேடம், கம்ப்யூட்டர் கம்பெனியா? சைட்டு வர்ல மேடம். வெள்ளையா கீது. ஜனம் நின்னுக்கினு கீறாங்க."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் யாரோ தெலுங்கில் சத்தம் போட்டார்கள். "ஆகண்டி, ஆகண்டி, வஸ்துந்தி", பொறுங்கள், வந்துவிடும் என்று அவர்களை அடக்கிவிட்டு மறுபடி என்னிடம் தமிழுக்கு வந்தார். திருப்பதிக்கு வந்த பிறகு வேலை விஷயமாக என்னிடம் தமிழில் பேசிய முதல் ஆள் அவர்தான்.

நான் சர்வருக்குள் போய்ப் பார்த்தேன். மெமரி முழுக்க நிரம்பியிருந்தது. எல்லாவற்றையும் நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். இரண்டு நிமிஷம் ஆனது. அந்த இரண்டு நிமிஷமும் அவர் போனை வைக்கவில்லை.

"வந்துட்ச்சி மேடம், வந்துட்ச்சி" என்றார், ஏதோ பஸ் வந்துவிட்டதைப் போல.

அதற்குப் பிறகு வேலை நாள் தவறாமல் பதினொரு மணிக்குப் போன் வந்தது. ஒரு வாரத்தில் மேடம் போய் "ஏம்மா" ஆயிற்று. இன்னும் ஒரு வாரத்தில் "கண்ணு" ஆயிற்று. நான் அவரை அக்கா என்றேன். சர்வர் எழுந்திருக்கிற இரண்டு நிமிஷத்துக்கு முதலில் மழையைப் பற்றிப் பேசினோம். வெதுருகுப்பத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறார் என்பது அப்படித்தான் தெரிந்தது. வீட்டுக்காரர் பால் வண்டி ஓட்டுகிறார். ஒரே பெண், அவளைச் சத்தியவேட்டில் கட்டிக்கொடுத்திருக்கிறார், மாப்பிள்ளை அந்தப் பக்கம் தொழிற்சாலையில் வேலை. பத்தாவது வரை படித்தவர். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று லேப்பில் ரிப்போர்ட் எழுதச் சேர்த்தார்களாம். பிறகு கம்ப்யூட்டர் வந்தது, அவரே அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

"பயமா இல்லையாக்கா?"

"இன்னா பயம்? அது இன்னா கடிக்குமா? நைனா செத்தப்பவே எல்லா பயமும் பூட்ச்சி எனக்கு."

கவுன்ட்டரில் நின்று பேசினால் மேனேஜர் பார்ப்பார் என்று ரத்தக் குப்பிகள் வைக்கிற ஃப்ரிட்ஜ் இருக்கும் சின்ன அறைக்குள் போய் நின்று பேசுவார். ஃப்ரிட்ஜின் உறுமல் எனக்குக் கேட்கும். சைட் வந்த பிறகும் ஐந்து நிமிஷம், சில நாள் பத்து நிமிஷம் பேசினோம். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வந்தவள் கோழிக்குஞ்சுப் பெட்டியை மடியில் வைத்திருந்தது, கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டு ரத்தம் கொடுக்க வந்து மயங்கி விழுந்த போலீஸ்காரர், மகள் போனில் சண்டை போட்டது. நான் சொல்ல என்னிடம் அவ்வளவு இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தது எதையாவது சொல்வேன். காலையில் அலுவலகத்துக்குப் படி ஏறும்போதே இன்றைக்கு அக்காவிடம் எதைச் சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்திருந்தேன்.

இதற்கு நடுவில் வேலையையும் செய்தேன். சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

முதலாளி ஹைதராபாதிலிருந்து ஒரு படம் அனுப்பினார். சர்வர் வாடகைக்கு விடுகிறவர்களின் பக்கத்தில், மெமரி தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் போய்விட்டது என்று சிவப்பில் காட்டிய படம். இது காலை எட்டு மணிக்கு எடுத்தது, அப்போது சைட் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு விளக்கினேன். சர்வரை இயக்குகிற லினக்ஸ் சும்மா கிடக்கும் மெமரியை வீணாக விடாது, அடிக்கடி படிக்கிற ஃபைல்களை அதில் வைத்துக்கொள்ளும், யாராவது கேட்டால் உடனே காலி செய்து கொடுத்துவிடும். அதனால் "காலி" என்று காட்டுகிற எண்ணைப் பார்க்கக் கூடாது, "கிடைக்கக்கூடியது" என்று காட்டுகிற எண்ணைப் பார்க்க வேண்டும். காலை எட்டு மணிக்குக் கிடைக்கக்கூடியது பாதிக்கு மேல் இருந்தது. பதினொரு மணிக்கு அதுவும் தீர்ந்துபோயிற்று. கேள்வி அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றியது.

"ஏதோ ஒண்ணு பண்ணு" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வைத்தார்.

முதலில் செய்தது தவறான காரியம். மெமரி தீர்ந்தால் டிஸ்க்கில் கொஞ்சம் இடத்தை எடுத்துப் புழங்கிக்கொள்ளும்படி வைத்தேன். மறுநாள் பதினொரு மணிக்கு சைட் சாகவில்லை. டிஸ்க்குக்கு மெமரியின் வேகம் இல்லை, சாகாமல் இழுத்துக்கொண்டு கிடந்தது. ஒரு ரிப்போர்ட் திறக்க மூன்று நிமிஷம்.

"இன்னாம்மா பண்ணே?" என்றார் அக்கா. "முன்ன டப்புனு நிக்கும், நீ எழுப்பி வுடுவே. இப்ப உயிர வச்சிக்கினு கீது, எழுந்துக்கவும் மாட்டேங்குது."

அதை எடுத்துவிட்டேன்.

அடுத்தது இன்னும் பெரிய தவறு. சர்வரின் குறிப்பேட்டில், மெமரி தீர்ந்ததால் இந்த புரோகிராமைக் கொன்றேன் என்று ஒவ்வொரு நாளும் ஒரு வரி இருந்தது. ஒவ்வொரு நாளும் கொல்லப்பட்டது, ரிப்போர்ட்டுகளை எல்லாம் சேமித்து வைத்திருக்கும் டேட்டாபேஸ்தான். ஆகவே டேட்டாபேஸ்தான் குற்றவாளி என்று முடிவு செய்தேன். பத்து நாள் அதையே நோண்டினேன். அது எடுத்துக்கொள்ளும் மெமரியைக் குறைத்தேன், பழைய அட்டவணைகளைச் சுத்தம் செய்தேன். பதினொரு மணிக்கு அது மறுபடி கொல்லப்பட்டது. பதினோராவது நாள் உட்கார்ந்து நிதானமாகப் படித்தபோதுதான் புரிந்தது. மெமரி தீரும்போது சர்வர் யார் தின்றது என்று விசாரிப்பதில்லை. அந்த நேரத்தில் யார் பெரிதாக உட்கார்ந்திருக்கிறார்களோ, யாரைத் தூக்கினால் நிறைய இடம் கிடைக்குமோ, அவர்களைத் தூக்குகிறது. டேட்டாபேஸ் எப்போதும் பெரிது. மற்றவை நான்கைந்து துண்டுகளாகப் பிரிந்து ஓடுவதால் தனித்தனியாகப் பார்த்தால் சிறிதாகத் தெரிந்தன.

இன்னொன்றும் கண்ணில் படாமல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை லேப் விடுமுறை. அன்றைக்கு மெமரி காட்டும் கோடு காலையிலிருந்து ராத்திரி வரை ஏறாமல் கிடந்தது. எனக்கு ஞாயிறுகள் பிடிக்காது என்பதால் அன்றைய கோட்டை நான் பார்த்ததே இல்லை. நேரம் போகப் போகத் தானாக ஏறுகிற மெமரி இல்லை இது. யாரோ எதையோ செய்வதால் ஏறுகிறது.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியது எளிது. ஒவ்வொரு நிமிஷமும் சர்வரில் ஓடும் ஒவ்வொரு புரோகிராமும் எவ்வளவு மெமரி வைத்திருக்கிறது என்று ஒரு ஃபைலில் எழுதிவைக்கும்படி செய்தேன். அந்த நேரத்தில் யார் எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள் என்பது ஏற்கனவே இன்னொரு ஃபைலில் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன்.

சைட் ஓட்டுகிற வேலையை நான்கு புரோகிராம்கள் பங்கு போட்டுக்கொண்டு செய்கின்றன. பத்து நாற்பத்தேழுக்கு அதில் ஒன்று திடீரென்று எட்டு மடங்கு வீங்கியது. வீங்கினது வீங்கினபடியே நின்றது. பத்து ஐம்பத்து இரண்டுக்கு இரண்டாவது. அப்புறம் மூன்றாவது. நான்காவது வீங்கும்போது இடம் இல்லை. நான்கு முறையும் அதற்குச் சற்று முன்னால் கேட்கப்பட்டது ஒரே பக்கம்: கவுன்ட்டரிலிருந்து ரிப்போர்ட் தேடுகிற பக்கம். நான்கு முறையும் பெயர் போடுகிற கட்டம் காலியாக இருந்தது.

அந்தப் பக்கத்தை எழுதியவர் பெங்களூர் போய்விட்ட மூவரில் ஒருவர். எடுத்துப் படித்தேன். பெயர் போட்டால் அந்தப் பெயர்க்காரர்களைக் கொண்டுவரும். பெயர் போடாவிட்டால் எல்லோரையும் கொண்டுவரும். வெறும் பெயர்ப் பட்டியலாக இல்லை, ஒவ்வொருவரின் முழு ரிப்போர்ட்டையும் சேர்த்து. சைட் ஆரம்பித்த மாதம் இது யாருக்கும் உறைத்திருக்காது. மூன்று வருட ரிப்போர்ட்டுகள் சேர்ந்த பிறகு, ஒரு தடவை அந்த பட்டனை அமுக்கினால் சித்தூரில் ரத்தம் கொடுத்த அத்தனை பேரும் மெமரிக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

மறுநாள் பதினொரு மணிக்குக் கேட்டேன்.

"அக்கா, தேடுற எடத்துல பேரு எதுவும் போடாமயே சர்ச்ச அமுக்குறீங்களா?"

"ஆமா. பேரு போட்டா எங்க வருது? ஒரே பேர ஒருத்தன் ஒய் போட்டு எழுதறான், ஒருத்தன் ஐ போட்டு எழுதறான். சிலபேரு ஹெச்சு போடறாங்க, சிலபேரு போடறதில்ல. காலைல பதிஞ்ச பொண்ணு எப்டி போட்டுச்சோ யாருக்குத் தெரியும்? ஒண்ணும் போடாம அமுக்கினா எல்லாம் வந்துடுது. கண்ட்ரோல் எஃப் போட்டு நானே தேடிக்கறேன். ஏன் கண்ணு, அது தப்பா?"

ஃப்ரிட்ஜின் உறுமல் கேட்டது.

"இல்லக்கா. சும்மா கேட்டேன்" என்றேன்.

அந்தப் பொய்யைச் சொல்லும்போது எனக்கு நானே ஒரு நல்ல காரணம் வைத்திருந்தேன். அவர் மேல் பழி வந்துவிடக் கூடாது. லேப் மேனேஜருக்குத் தெரிந்தால், தினமும் சைட் நிற்பதற்கு இந்த அம்மாதான் காரணம் என்று பேச்சு வரும். அது உண்மையான காரணம்தான். ஆனால் அதற்காக அவரிடம் மறைக்க வேண்டியதில்லை. திருத்துவதைத் தள்ளிப்போட வேண்டியதே இல்லை. ஒரு மணி நேர வேலை. ஐம்பது ஐம்பது பேராகக் கொண்டுவா, ரிப்போர்ட்டைத் திறக்கும்போது மட்டும் எடு என்று நாலைந்து வரி மாற்ற வேண்டும். போன் நம்பரை வைத்துத் தேட ஒரு கட்டம் சேர்க்க வேண்டும்.

அன்றைக்குச் செய்யவில்லை. மதியம் அந்த ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாற்ற வேண்டிய வரிகள் திரையில் இருந்தன. ஐந்து மணிக்கு மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன். வியாழக்கிழமை பதினொரு மணிக்குப் போன் வந்தது. மகள் வரதய்யபாளையத்துக்கு வீடு மாறப்போகிறாள், தண்ணீர் வசதி எப்படியோ என்று அக்கா கவலைப்பட்டார். ஏழு நிமிஷம் பேசினோம். வியாழக்கிழமையும் நான் எதையும் மாற்றவில்லை. வேறு வேலை இருந்தது என்று இப்போது எழுத முடியாது. வேறு வேலை எதுவும் இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் குரல் வேறு மாதிரி இருந்தது. ஃப்ரிட்ஜ் அறைக்குப் போகவில்லை, கவுன்ட்டரிலிருந்தே பேசினார்.

"சீக்கிரம் எழுப்பு. ஒருத்தரு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போவணும். மதியம் ரெண்டு மணிக்கு டாக்டரப் பாக்க டைம் கொடுத்துக்கீறாங்க. பஸ்ஸு நிக்குது அங்க."

உடனே நிறுத்தி ஓடவிட்டேன். அன்றைக்குப் பார்த்து டேட்டாபேஸ் எழுந்திருக்க நேரம் எடுத்தது. தினமும் நடுவில் வெட்டிக் கொல்லப்பட்டால், எழுந்ததும் தன் கணக்கு வழக்கைச் சரிபார்த்துக்கொண்டுதான் கதவைத் திறக்கும். அன்று சரிபார்க்க நிறைய இருந்தது போலிருக்கிறது. ஆறு நிமிஷம். எட்டு நிமிஷம். போனில் ஒரு ஆண் குரல் தெலுங்கில் ஏறிக்கொண்டே போனது. எனக்கு முழுக்கப் புரியவில்லை, ஆனால் புரிந்தது. அக்கா தாழ்ந்த குரலில் "வஸ்துந்தி அண்ணா, வஸ்துந்தி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு சத்தம் நின்றது.

"பூட்டாரு" என்றார் என்னிடம். "ரிப்போர்ட்டு இல்லாமயே பஸ் ஏறிட்டாரு. கூட சம்சாரம். அந்தம்மா பாவம், நிக்கக்கூட முடியல."

சைட் அடுத்த நிமிஷம் வந்தது. நான் சொன்னேன். "ம்" என்று வைத்துவிட்டார்.

அன்று மதியம் சாப்பிடப் போகவில்லை. நாலைந்து வரியை மாற்றினேன். போன் நம்பர் கட்டத்தைச் சேர்த்தேன். ஒவ்வொரு புரோகிராமும் குறிப்பிட்ட அளவு வேலை செய்த பிறகு தானே முடிந்து புதிதாகப் பிறக்கும்படி வைத்தேன், எங்காவது இன்னும் கொஞ்சம் மெமரி ஒழுகினாலும் சேராமல் இருக்க. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வேலையை முடித்துவிட்டு, காலியான கட்டத்தை நானே நூறு தடவை அமுக்கிப் பார்த்தேன். கோடு அசையவில்லை. முதலாளிக்கு எழுதிய குறிப்பில் "தேடல் பக்கத்தின் பழைய பிழை" என்று மட்டும் போட்டேன். "குட் ஜாப்" என்று பதில் வந்தது.

சனிக்கிழமை பதினொரு மணிக்குப் போன் வரவில்லை. பதினொன்றரைக்குக் கோட்டைப் பார்த்தேன், மேஜை போலச் சமமாக இருந்தது. திங்கட்கிழமையும் அப்படியே. போன் வேலை செய்கிறதா என்று எடுத்துப் பார்த்தேன். புதன்கிழமை நானே கூப்பிட்டேன்.

"புதுசா போன் நம்பர் கட்டம் போட்டிருக்கேன்க்கா, பாத்தீங்களா?"

"ஆங், பாத்தேன். ஷோக்கா கீது. கடகடன்னு போவுது லைனு." பின்னால் யாருக்கோ ரசீது நம்பரைச் சொன்னார். "வேற ஒண்ணும் இல்லியே? ஜனம் கீது."

"இல்லக்கா."

சர்வர் பிழை இல்லாமல் ஓடினால் எங்கள் வேலையில் யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. அது எனக்கு முன்பே தெரியும்.

மூன்று வாரம் கழித்து ஒப்பந்தப் பேப்பரில் கையெழுத்து வாங்க முதலாளி என்னைச் சித்தூர் போகச் சொன்னார். கூரியரில் அனுப்பியிருக்கலாம். நான்தான் நேரில் போகிறேன் என்றேன். பஸ்ஸில் இரண்டு மணி நேரமும் அவரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

லேப் ஒரு சந்துக்குள் இருந்தது. கவுன்ட்டரில் சின்னதாக, ஒல்லியாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தார், நரைத்த பின்னல், மூக்குக் கண்ணாடி. அந்தக் கனத்த குரலுக்கு நான் மனசில் வைத்திருந்த உடம்பு வேறு. இவர் வேறு யாரோ என்று நினைத்து ஓரமாக நின்றேன். ஒருவர் டோக்கன் இல்லாமல் கையை நீட்டினார். "ஆகண்டி" என்றார் அவர். அப்போதுதான் தெரிந்தது.

மேனேஜரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது சாப்பாட்டு நேரம். என்னை ஃப்ரிட்ஜ் அறைக்குள் கூட்டிப்போனார். ஒரு ஸ்டூல்தான் இருந்தது, அதில் என்னை உட்கார வைத்தார்.

"எவ்ளோ சின்ன பொண்ணா கீறே! நான் பெரிய ஆபீசரம்மான்னு நெனச்சிக்கினு இருந்தேன்." சிரித்தார். முகத்துக்கு அந்தச் சிரிப்பு நன்றாக இருந்தது.

நான் சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. காரணம் செவ்வாய்க்கிழமையே தெரிந்துவிட்டது, அந்தக் காலிக் கட்டம்தான், ஒரு மணி நேரத்தில் சரிசெய்திருக்கலாம், வெள்ளிக்கிழமை வரை செய்யவில்லை என்றேன். ஏன் என்று அவர் கேட்பதற்கு முன்னால், "சரியாயிட்டா நீங்க போன் பண்ண மாட்டீங்கன்னு" என்றேன்.

முதலில் அவருக்கு விளங்கவில்லை. "போன் பண்றதுக்கு இன்னாம்மா?" என்றார். பிறகு விளங்கியது. முகத்திலிருந்து சிரிப்பு போகக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"அந்த ஆளு..." என்றார்.

"ஆமாக்கா."

"மறுநாள் வந்தாரு, வாங்கிக்கினு போனாரு. டாக்டரு இன்னொரு நாள் வரச் சொன்னாராம்." ஃப்ரிட்ஜின் கதவு சரியாக மூடியிருக்கிறதா என்று ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். "அன்னிக்கு அவரு என்னயத்தாம்மா கேட்டாரு. கேக்கக் கூடாத பேச்சுல்லாம் கேட்டாரு. உன்ன இல்ல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மன்னிப்புக் கேட்டேனா என்பது இப்போது சரியாக ஞாபகம் இல்லை. கேட்டிருப்பேன். அவர் கோபமாக எதுவும் சொல்லவில்லை. வெளியே யாரோ கவுன்ட்டரைத் தட்டினார்கள். "தோ வரேன்" என்று குரல் கொடுத்துவிட்டு, "பஸ்ஸுக்கு நேரமாவுது ஒனக்கு" என்றார். வாசல் வரை வந்தார். தண்ணி பாட்டில் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை போன் செய்தார். ஒன்று, ஒருவருக்கு இரண்டு நம்பர் இருந்தால் தேடலில் வரவில்லை என்று. இன்னொன்று, பிரிண்டில் கோடு விழுகிறது என்று, அது எங்கள் வேலையே இல்லை. இரண்டு தடவையும் மேடம் என்றுதான் கூப்பிட்டார். அதில் குத்தல் எதுவும் இல்லை, மரியாதையாகவே சொன்னார். நானும் என்ன செய்ய வேண்டும் என்று மரியாதையாகச் சொன்னேன். மகள் வீடு மாறிவிட்டாளா என்ற கேள்வி வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

திருப்பதியில் இன்னும் எட்டு மாதம் இருந்தேன். வாடிக்கையாளர்கள் எல்லோருடைய சர்வர்களுக்கும் அந்த நிமிஷத்துக்கு நிமிஷம் எழுதிவைக்கிற ஏற்பாட்டைச் செய்தேன். எங்காவது மெமரி ஏற ஆரம்பித்தால் நிற்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிடும். சரிசெய்துவிடுவேன். அவர்கள் யாருக்கும் எதுவும் தெரியாது. சில வாரங்கள் அலுவலகத்துப் போன் ஒரு தடவைகூட அடிக்காது. முதலாளிக்கு அது பெருமையாக இருந்தது.

பிறகு ஶ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை கிடைத்தது. சத்தியவேட்டில் ஒரு வீட்டு மாடியில் ரூம் எடுத்தேன். காலையில் கம்பெனி பஸ்ஸில் எல்லோரும் தூங்கிக்கொண்டே வருவார்கள். புது அலுவலகத்தில் ஒரே அறையில் பதினொரு பேர். முதல் வாரத்தில் ஒருநாள் அங்கேயும் ஒரு சர்வரில் மெமரி ஏறிக்கொண்டிருந்தது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஒருவர் வந்து நின்று, "இது என்ன மேடம், இவ்ளோ காட்டுது?" என்று தமிழில் கேட்டார். சொல்ல ஆரம்பித்தேன். காலி என்பது வேறு, கிடைக்கக்கூடியது என்பது வேறு என்று தொடங்கி, டேட்டாபேஸ் எப்படி அநியாயமாக மாட்டிக்கொள்ளும் என்பது வரை போய்விட்டேன். நடுவில் அவர் ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். நான் அதைப் பார்த்தேன். ஆனாலும் நிறுத்த முடியவில்லை. அவர் நல்ல மனிதர், பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார்.